குப்பையைக் காற்றில் தூற்றி எரிபொருள் எடுக்கலாமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் குப்பை தரம்பிரிக்கும் சிறிய கொட்டில் ஒன்றில் வேலை செய்கிறேன். காற்றை வைத்துக் குப்பையைப் பிரித்து, எரிக்கத் தகுந்ததை மட்டும் எடுத்து மூட்டை கட்டுகிறோம். பார்க்க வந்தவர்கள், சந்தையில் மறித்து விசாரித்தவர்கள், பாடசாலைக் கண்காட்சியில் கேட்ட பிள்ளைகள் என்று பலபேர் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

காற்றால் குப்பையைப் பிரிப்பது என்றால் என்ன?

சூடு மிதித்த களத்தில் நெல் தூற்றியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. சுளகில் அள்ளி உயரத்திலிருந்து மெல்ல விட்டால், முற்றிய நெல் காலடியில் விழும். பதர் கொஞ்சம் தள்ளி விழும். தூசியும் கூளமும் இன்னும் அப்பால் போகும். ஒரே காற்று மூன்று குவியல்களைச் செய்துவிடுகிறது.

குப்பையிலும் அதேதான். நெல்லின் இடத்தில் கல், கண்ணாடி, இரும்பு. பதரின் இடத்தில் தாள், பொலித்தீன், துணி நார். ஒரேயொரு வித்தியாசம், களத்தில் நாங்கள் விழுந்ததை வைத்துக்கொண்டு பறந்ததை விட்டுவிட்டோம். இங்கே பறப்பதுதான் எரிபொருள்.

பரந்தன் பக்கம் எந்த அரிசி ஆலைக்குப் போனாலும் இந்த வேலையை இன்றும் பார்க்கலாம். உமியை அரிசியிலிருந்து உறிஞ்சி ஊதி வெளியே தள்ளும் பகுதி இருக்கிறதே, அதுவும் காற்றுப் பிரிப்பான்தான். நாங்கள் முதலில் வைத்த விசிறி பழைய மில் ஒன்றிலிருந்து வந்தது.

எது பொலித்தீன், எது கண்ணாடி என்று காற்றுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. இதை எல்லோரும் முதலில் மனதில் வைக்க வேண்டும். காற்று பொருளைப் பார்ப்பதில்லை. அதன் நிறையையும், காற்றுக்கு அது காட்டும் பரப்பையும்தான் பார்க்கிறது.

ஒரு சதுர மீற்றர் கணக்கு எடுத்துப் பாருங்கள். 20 மைக்ரோன் பொலித்தீன் தாள் 18, 19 கிராம் வரும். பத்திரிகைத் தாள் ஏறக்குறைய 45 முதல் 50 கிராம். பெட்டி அட்டை 500 கிராம் அளவில். 3 மில்லிமீற்றர் யன்னல் கண்ணாடி 7.5 கிலோ. பரப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், நிறையில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அந்த இடைவெளிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

விழும் வேகம் நிறையோடு அப்படியே கூடாது. நிறை நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். அதனால் கண்ணாடி பத்திரிகைத் தாளைவிட நூற்றைம்பது மடங்கு பாரமாக இருந்தும், விழும் வேகத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு மடங்குதான் முந்துகிறது. அந்தப் பன்னிரண்டு மடங்கே தாராளம். தாளைத் தூக்கிக் கண்ணாடியை விழவிடும் காற்றை இடையில் எங்கேயும் பிடிக்கலாம். சிக்கல் வருவது ஒன்றுக்கொன்று கிட்ட நிற்கும் பொருள்களில். நனைந்த அட்டை, தடித்த பிளாஸ்டிக் மூடி, சிறு மரச்சீவல் எல்லாம் ஒரே வேகத்தில்தான் விழப்பார்க்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தடித்த மரத்துண்டு, ரப்பர் செருப்பு, சிரட்டை, பொச்சு எல்லாம் நன்றாக எரியக்கூடியவை. ஆனால் காற்று அவற்றைக் கல்லோடு சேர்த்துக் கீழே போட்டுவிடும். கண்ணாடியைத் தூளாக்கிவிட்டால், அந்தத் தூள் தாளோடு மேலே போய்விடும். ஆகவே காற்று தனியாக நின்று வேலையை முடிக்காது. முன்னால் அரிதட்டும், பின்னால் மனிதக் கையும் வேண்டும்.

பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

எங்களுடையது நிமிர்ந்து நிற்கும் தகரத் தூண். உள்ளே பாதை நேராக இல்லை, பாம்பு போல இடமும் வலமும் மடிந்து மடிந்து மேலே போகிறது. கீழிருந்து காற்று ஏறும். நடுவில் உள்ள வாய் வழியாகக் குப்பையைப் போடுவோம். ஒவ்வொரு மடிப்பிலும் துண்டுகள் சுவரில் முட்டிப் புரளும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தவை அங்கே கழன்றுவிடும். பாரமானது ஒரு படி இறங்கும், இலேசானது ஒரு படி ஏறும். ஒரு மடிப்பில் தப்பாகப் போனது அடுத்த மடிப்பில் திருத்தப்படும். நேர்த் தூணில் ஒரே ஒரு சந்தர்ப்பம், மடிப்புத் தூணில் ஐந்தாறு சந்தர்ப்பங்கள். அவ்வளவுதான் இதிலுள்ள சூட்சுமம்.

மேலே போனது நேரே சைக்கிளோனுக்குள் போகும். பெரிய புனல் மாதிரியான தகரக் கூம்பு அது, அரிசி ஆலைக் கூரையில் பார்த்திருப்பீர்கள். காற்று அதற்குள் சுழன்று மேல்வழியாக வெளியேறும். தாளும் பொலித்தீனும் சுவரோரமாக வழுகிக் கீழே சாக்குக்குள் விழும்.

இதற்கு முன்னால் நடப்பவை: மூட்டையைக் கிழித்துக் கொட்டுதல், கையால் பொறுக்குதல், மண்ணையும் மணலையும் அரித்தெடுத்தல், பெரியவற்றை வெட்டிச் சிறிதாக்குதல், காந்தத்தின் அடியால் விடுதல். இந்த வரிசை முக்கியம். துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் காற்று நிறையை வைத்துப் பிரிக்கும். விரித்த தாளும் கசக்கி உருட்டிய தாளும் ஒரே நிறைதான், ஆனால் உருட்டியது கல்லு மாதிரி விழும்.

ஆரம்பத்தில் நான் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினேன். எல்லாம் திரளாகவே கீழே போனது. விசிறியின் வேகத்தைக் கூட்டினேன், அப்போது கண்ணாடியும் சேர்ந்து மேலே வந்தது. எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவர், சின்ன வயதிலிருந்து களத்தில் தூற்றிப் பழகியவர், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஒரேயடியாக் கொட்டாதையும். சுளகிலையிருந்து சிந்துற மாதிரி விடும்.” அன்றைக்கே வாயில் ஒரு சரிவுத் தகரத்தை வைத்து, அதை ஆட்டி ஆட்டிக் குப்பையை மெல்லிய படலமாகச் சிந்தவிட்டோம். விசிறியில் எதையும் தொடவில்லை. பிரிவு சரியாகிவிட்டது.

காற்றின் வேகம் எவ்வளவு வேண்டும்?

மெல்லிய பொலித்தீனும் காய்ந்த தாளும் செக்கனுக்கு ஒன்று, இரண்டு மீற்றர் காற்றிலேயே எழும்பிவிடும். காய்ந்த அட்டைத் துண்டுக்கு மூன்று மீற்றர் அளவு வேண்டும். கண்ணாடித் துண்டை அசைக்க 10 மீற்றர் அளவு போகவேண்டும். நாங்கள் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் வைத்திருக்கிறோம்.

தூணின் குறுக்களவு 30 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் என்று வைத்தால், செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்துக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 970 கன மீற்றர் காற்று வேண்டும். வழியில் வளைவுகளும் சைக்கிளோனும் காற்றைப் பிடித்து இழுக்கும், அதற்கும் சேர்த்துப் பலம் உள்ள விசிறியாக எடுங்கள். மேசை விசிறி, கூரை விசிறி வகையறா இதற்கு உதவாது.

வேகத்தைச் சரிபார்க்கும் கருவி இல்லாவிட்டால், தீப்பெட்டி அளவில் ஒரு அட்டைத் துண்டை வெட்டிப் போட்டுப் பாருங்கள். அது ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் தத்தளிக்கும் இடத்தில் விசிறி வாயின் கதவை அப்படியே அசையாமல் நிறுத்தினால், தொடக்கத்துக்கு அது போதும்.

எங்கள் குப்பை ஈரமாகத்தானே இருக்கும்? அப்படியே போட்டால் என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதை எழுதத் தொடங்கினேன்.

ஈரம் இரண்டு இடத்தில் கெடுக்கிறது. முதலாவது, பிரிப்பில். தாள் தன் நிறையளவு தண்ணீர் குடித்தால் விழும் வேகம் 1.4 மடங்காகிவிடும். அதைவிட மோசம், ஒட்டிக்கொள்வது. ஒரு நாள் கீழே விழுந்த குவியலிலிருந்து ஒரு சோற்றுப் பொலித்தீனை எடுத்து விரித்தேன். உள்ளே பிசைந்த சோறு, பருப்பு, ஒரு முருங்கைக்காய்ச் சக்கை, அதில் ஒட்டிய மண். உள்ளங்கை அகலப் பொலித்தீன் அரைக் கிராம்கூட இராது. ஒட்டியிருந்ததோ ஒரு பிடி. எந்தக் காற்று அதைத் தூக்கும்?

இரண்டாவது, எரிப்பில். காய்ந்த தாள் ஒரு கிலோவில் ஏறக்குறைய 16 மெகாயூல் வெப்பம் இருக்கிறது. பாதி தண்ணீர், பாதி தாள் என்றால், ஒரு கிலோவில் இருக்கும் தாள் அரைக் கிலோதான், அதாவது 8 மெகாயூல். அதிலும் அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்க 1.2 மெகாயூல் போய்விடும். கையில் மிஞ்சுவது 6.8. ஈர விறகை ஊதி ஊதிக் கண் கலங்கிய எந்த அம்மாவுக்கும் இந்தக் கணக்குத் தேவையில்லை.

இலங்கையில் வீட்டுக் குப்பையில் பாதிக்கும் மேல் சமையலறைக் கழிவு. அதைத் தாளோடும் பொலித்தீனோடும் ஒரே பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டால், லொறியில் ஏறும்போதே அது கெட்டுவிட்டது. பிறகு எவ்வளவு காசுக்கு மெசின் வாங்கினாலும் சீர்செய்வது கஷ்டம். வீட்டில் இரண்டு வாளி வைப்பது இந்த முழு வேலையிலும் பெரிய பகுதி. பெரிய என்றால் உண்மையிலேயே பெரிய பகுதி. ஒரே ஒழுங்கையில் பிரித்துக் கொடுக்கும் வீட்டுப் பையும் பிரிக்காத வீட்டுப் பையும் வந்தால், அவிழ்க்காமலே தூக்கிப் பார்த்து எது எது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்கிறீர்கள்?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வன்னியில் எதுவும் காயாது. அந்த மாதங்களில் காற்றுத் தூணை ஓட்டுவதைக் குறைத்து, கையால் பொறுக்குவதைக் கூட்டுகிறோம். காய்ந்ததைக் கூரைக்குள் அடுக்கிவைத்து, தை பிறந்து வெயில் ஏறியபின் தூற்றுகிறோம். காலபோக அறுவடையும் அப்போதுதான் தொடங்கும், நெல்லோடு குப்பையும் சேர்ந்தே காய்கிறது. வைகாசியிலிருந்து சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம்தான் எங்களுக்கு நல்ல காலம்.

சோளகக் காற்று அப்படி வீசுகிறதே, மோட்டாரும் கரண்டும் ஏன்?

காயவைக்க அந்தக் காற்றையும் வெயிலையும் நன்றாகப் பயன்படுத்துகிறோம். பிரிக்க மட்டும் அது சரிவராது. இயற்கைக் காற்று ஒரு மூச்சு பலமாக வரும், அடுத்த மூச்சு ஓய்ந்துவிடும். நெல்லைத் தூற்றியவர் காற்று ஓயும்போது சுளகை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார், பறந்த பதரும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. பறக்கும் பொலித்தீன் மண்ணாகாது. அது வேலியில் தொங்கும், குளக்கட்டில் சேரும், வாய்க்காலை அடைக்கும், மாடு தின்னும். அம்பாறைப் பக்கம் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீனைத் தின்று செத்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆகவே திறந்த வெளியில் தூற்றாதீர்கள்.

‘சுத்தமான எரிபொருள்’ என்கிறீர்கள். குப்பையில் என்ன சுத்தம்?

நியாயமான கேள்வி. இங்கே சுத்தம் என்றால் மூன்று பொருள் குறைவாக இருப்பது: தண்ணீர், கல்மண், குளோரீன்.

தண்ணீரைச் சொல்லிவிட்டேன். கல், மண், கண்ணாடி எரியாது. சூட்டில் உருகி உலையில் படியும், சாம்பலைக் கூட்டும், கத்தியையும் குழாயையும் தேய்க்கும். காற்றுப் பிரிப்பான் நன்றாகச் செய்யும் வேலை இவற்றை விலக்குவதுதான்.

குளோரீன்தான் பொல்லாதது, ஏன் என்று அடுப்பையும் சூளையையும் பற்றிய கேள்விகளில் சொல்கிறேன். தண்ணீர்க் குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக்கின் நிறையில் 57 வீதம் குளோரீன். நூறு கிலோ எரிபொருளில் ஒரேயொரு கிலோ பிவிசி கலந்தால், குளோரீன் 0.57 வீதம் வந்துவிடும். திண்மக் கழிவு எரிபொருளை ஐரோப்பாவில் ஐந்து தரமாகப் பிரித்திருக்கிறார்கள். குளோரீனுக்கு முதல் தரத்தின் எல்லை 0.2 வீதம், இரண்டாம் தரத்துக்கு 0.6. அதாவது ஒரு கிலோ குழாய்த் துண்டு நூறு கிலோ நல்ல சரக்கை முதல் தரத்திலிருந்து கீழே இறக்கிவிடுகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று, சமையல் உப்பிலும் நிறையில் 60 வீதம் குளோரீன். கறி ஒட்டிய சோற்றுப் பொலித்தீனை ஒரு தரம் தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான். உப்புக்கும் குளோரீனுக்கும் உள்ள உறவு எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. ஆனையிறவு உப்பை எடுத்துப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் செய்த காலம் ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளோரீன் மணம் என்றால் என்னவென்று அவர்களிடம் கேளுங்கள்.

பிவிசியைக் காற்று பிரித்துவிடுமா?

முழுதாகப் பிரிக்காது. தடித்த தண்ணீர்க் குழாய் பாரம், அது கீழே விழுந்துவிடும். பிரச்சினை பதாகைகள். கோயில் திருவிழா, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் இப்போது அச்சடிக்கும் பிளெக்ஸ் பதாகை பிவிசி பூசிய துணி. சதுர மீற்றருக்கு 300, 400 கிராம் வரும். அட்டையும் அதற்குக் கிட்டத்தான். துண்டாகிவிட்டால் அட்டையோடு சேர்ந்து மேலே வந்துவிடும். ஆகவே முழுதாக இருக்கும்போதே கையால் எடுக்க வேண்டும். முகங்கள் அச்சடித்த பதாகைகளைச் சுருட்டித் தனியாக வைக்கும்போது மனம் கொஞ்சம் கனக்கும். வீட்டுக்காரர்களே மாட்டுக் கொட்டில் மறைப்புக்கோ விறகு மூடவோ வைத்துக்கொண்டால் நல்லது.

சந்தேகமான பிளாஸ்டிக் என்றால் நகமளவு வெட்டித் தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள். சொப்பிங் பை, பால் கான், உரப்பை வகை மிதக்கும். பிவிசியும் சோடாப் போத்தல் வகையும் தாழும். மிதப்பதை யோசிக்காமல் எடுக்கலாம். தாழ்வதை ஒதுக்கிவையுங்கள்.

கிருமிநாசினிப் போத்தல்கள் வயல் ஊரில் நிறைய வரும். அவற்றை எந்தக் குவியலிலும் சேர்க்க மாட்டோம். வெறுங்கையால் தொடவும் விடமாட்டோம்.

இதை எடுத்து வீட்டு அடுப்பிலோ மில் அடுப்பிலோ எரிக்கலாமா?

கூடாது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

பொலித்தீன் ஒரு கிலோவில் 43 மெகாயூலுக்கு மேல் வெப்பம் இருக்கிறது, டீசலுக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால்தான் ஈர விறகு பற்றாத காலையில் ஒரு சொப்பிங் பையை உள்ளே வைத்து நெருப்பு மூட்டும் பழக்கம் வந்தது. அந்தப் பழக்கத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, என் அம்மாவும் அப்படித்தான் மூட்டினார். ஆனால் அடுப்பில் சூடும் காற்றும் போதாது. குறை எரிவில் வரும் கரும்புகையும், பிவிசியோ உப்போ கலந்திருந்தால் உண்டாகும் டயொக்சினும், அடுப்புக்கு முன்னால் குந்தியிருப்பவரின் நெஞ்சுக்குள் போகும். டயொக்சின் பாலிலும் முட்டையிலும் சேரக்கூடிய நஞ்சு. ஐரோப்பாவில் குப்பை எரிக்கும் உலைக்கு வைத்த விதி, புகை குறைந்தது 850 பாகை செல்சியசில் இரண்டு செக்கன் நிற்க வேண்டும் என்பது. எந்த வீட்டு அடுப்பும் அதைத் தராது. உமி எரிக்கும் மில் அடுப்புக்கும் அந்த உத்தரவாதம் இல்லை, அதோடு அங்கே அவிவது நாங்கள் சாப்பிடும் நெல்.

இலங்கையில் பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 இலிருந்து சட்டப்படியும் தடை. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனைத் தடைசெய்த அதே ஆண்டுதான். பின்னேரம் முற்றம் கூட்டிச் சருகைக் கொளுத்தும்போது, தும்புத்தடியில் அகப்பட்ட பொலித்தீனைக் குனிந்து எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் எங்கேதான் எரிக்கிறார்கள்?

சிமெந்துச் சூளையில். சுவாலை 2000 பாகை அளவில், உள்ளே வேகும் கல் 1450 பாகையில் இருக்கும். புகை அந்தச் சூட்டில் போதிய நேரம் நிற்கிறது, சாம்பல் சிமெந்தோடு கலந்துவிடுகிறது. தனியாகக் கொட்ட எதுவும் மிஞ்சாது. புத்தளம் சிமெந்துத் தொழிற்சாலையில் பல ஆண்டுகளாகக் கழிவுகளை இப்படி எரிபொருளாக்குகிறார்கள். குளோரீன் கூடினால் சூளையின் வாய்ப்பக்கத்தில் உப்புப் படிந்து அடைத்துவிடும், ஆகவே அவர்களும் தரம் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

கிளிநொச்சியிலிருந்து புத்தளத்துக்கு வவுனியா, அநுராதபுரம் ஊடாக ஏறக்குறைய 200 கிலோமீற்றர். தளர்வாக ஏற்றினால் லொறி நிறைந்துவிடும், நிறை ஏறாது, டீசல் காசு வீண். அழுத்திக் கட்டும் இயந்திரம் இல்லாமல் இந்தப் பயணம் கட்டுபடியாகாது. இரண்டு மூன்று பிரதேச சபைகள் சேர்ந்து ஒரு கட்டும் இயந்திரத்தை வைத்திருப்பதுதான் புத்தி என்று நான் நினைக்கிறேன்.

கெரவலப்பிட்டியில் பிரிக்காமலே எரித்துக் கரண்ட் எடுக்கிறார்களே?

ஆம், 2021 இல் தொடங்கிய 10 மெகாவாற் நிலையம் அது. கொழும்புப் பக்கம் நாளுக்கு நூற்றுக்கணக்கான தொன் குப்பை சேர்கிறது. அவ்வளவு இருந்தால்தான் அப்படியொரு உலை கட்டுபடியாகும். எங்கள் ஊர்களின் குப்பை அதற்கு எந்த மூலைக்கும் காணாது. காணவும் வேண்டாம்.

குவித்து வைப்பதும் வழியல்ல. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லக் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்து போனார்கள். எங்கள் மேடுகள் இன்னும் சிறியவை. இப்போதே தொடங்கினால் அவை மலையாகாது.

எரிப்பதைவிட மீள்சுழற்சி நல்லதல்லவா?

நல்லது. ஆகவே முதலில் அதைத்தான் செய்கிறோம். சோடாப் போத்தல், பால் கான், தகரப்பேணி, சுத்தமான அட்டை, கண்ணாடிப் போத்தல் எல்லாம் பழைய இரும்புக்காரருக்குப் போகும். சமையல் கழிவு பசளைக்கு. காற்றுத் தூணுக்கு வருவது எவரும் வாங்காத மிச்சம்: கிழிந்த பொலித்தீன், பிஸ்கட் உறை, அழுக்குத் தாள், கந்தல் துணி. எரிபொருள் என்பது கடைசிக் கதவு. அதை முதல் கதவாக்கினால், விற்கக்கூடியதையும் கொளுத்தப் பழகிவிடுவோம்.

போத்தல் பற்றி ஒரு சொல். மூடியைக் கழற்றி, தண்ணீரை ஊற்றிவிட்டு, மிதித்துத் தட்டையாக்கித் தாருங்கள். ஒரு மிடறு தண்ணீர் இருந்தாலும் அது கல்லு.

வேறு நாடுகளில் இது எவ்வளவு காலமாக இருக்கிறது?

அமெரிக்காவின் சென் லூயிசில் 1970களின் தொடக்கத்திலேயே குப்பையை வெட்டிக் காற்றில் பிரித்து, நிலக்கரியோடு சேர்த்து மின் நிலையத்தில் எரித்துப் பார்த்தார்கள். அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் என்ற சிறு நகரம் 1975 இல் இதையே நகரசபை வேலையாகத் தொடங்கியது. காற்றை மட்டும் நம்பியதில் நுண்ணிய கண்ணாடியும் மணலும் எரிபொருளோடு போனதால், பின்னர் அவர்களும் அரிக்கும் தட்டுகளைச் சேர்த்தார்கள். களத்தில் தூற்றுமுன் அரித்தவர்களுக்கு அது தெரிந்த விஷயம்.

குப்பைக்குள் வெடிபொருள் வந்தால்?

வன்னியில் இதைக் கேட்காமல் குப்பை வேலை தொடங்கக் கூடாது. காணி துப்புரவாக்கும்போது, கிணறு இறைக்கும்போது, அத்திவாரம் வெட்டும்போது வரும் குப்பையோடு என்னவும் வரலாம். அடையாளம் தெரியாத எந்த உலோகப் பொருளும் எங்கள் கொட்டிலில் காந்தத்துக்கோ வெட்டும் இயந்திரத்துக்கோ போகாது. கண்டவுடன் சத்தம் போடுவோம், மோட்டாரை நிறுத்துவோம், தொடாமல் எல்லோரும் வெளியே போவோம், 119 இல் பொலிசுக்குச் சொல்வோம். துருப்பிடித்த பேணி என்று பிறகு தெரிந்தாலும் பரவாயில்லை. அரை நாள் வேலை போனதற்காக எவரையும் நாங்கள் கடிந்துகொண்டதில்லை. பழைய இரும்புக்கு விலை போகும் என்று பிள்ளைகள் பொறுக்கிவருவதை வீட்டில் கட்டாயம் தடுங்கள்.

இதே கவனம் கைத்தொலைபேசிப் பற்றரிக்கும் சிறிய வாயுச் சிலிண்டருக்கும் வேண்டும். வெட்டும் கத்தியில் பட்டால் தீப்பிடிக்கும், பக்கத்திலே காய்ந்த தாள் குவியல்.

வேலை செய்பவர்களுக்குத் தூசி?

வரும். சைக்கிளோன் பெரியதைப் பிடிக்கும், மாப்போன்ற தூசியைப் பிடிக்காது. வெளியேறும் காற்றுக்குத் துணிப் பை வடிகட்டி போட்டிருக்கிறோம், வாரம் ஒருமுறை உதற வேண்டும். நல்ல முகக்கவசம், கையுறை, தடித்த அடிப்பாகமுள்ள சப்பாத்து, ஏற்பு ஊசி. இந்த நாலும் இல்லாமல் ஒருவரையும் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். குறைந்த சம்பளத்துக்கு இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள். அவர்களின் நெஞ்சும் கையும் எங்கள் மெசினைவிடப் பெறுமதியானவை.

எங்கள் ஊரில் தொடங்க முதலில் என்ன வாங்க வேண்டும்?

கூரை. விசிறியை வாங்கிவிட்டுத் தார்ப்பாயைக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், முதல் மாரியோடு நிறுத்திவிட்டார்கள். பக்கங்கள் திறந்த, சீமெந்துத் தரை போட்ட கொட்டில் முதலில். பிறகு தராசு. பிறகு அரிதட்டு. விசிறியும் தூணும் நான்காவது.

தராசு ஏன் என்றால், ஈரம் பார்க்க. கொட்டிய குவியலில் நான்கைந்து இடத்தில் கைபோட்டு எடுத்து, சரியாக ஒரு கிலோ நிறுங்கள். தகரத்தில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் வையுங்கள், காற்று அள்ளாமல் மேலே நுளம்பு வலை. பின்னேரம் நிறுங்கள், மறுநாள் வெயிலில் வைத்துத் திரும்ப நிறுங்கள். நிறை இறங்காமல் நிற்கும்வரை செய்யுங்கள். 800 கிராமில் நின்றால் போனது 20 வீதம் ஈரம், அந்தக் குவியலைத் தூணுக்குக் கொண்டுபோகலாம். 600க்கு இறங்கினால் இன்னும் இரண்டு நாள் காயவிடுங்கள். ஒவ்வொரு குவியலுக்கும் திகதியும் இந்த இலக்கமும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், எந்த ஒழுங்கையின் வீடுகளுக்குப் போய்த் திரும்பவும் இரண்டு வாளியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.